தேக்கு டைனிங் டேபிள்: மேல்பலகைக்கு எந்த கிளியர், காலுக்கு எந்த வெள்ளை?

புதுவாசல்:
பழைய தேக்கு டைனிங் டேபிள், 5 அடிக்கு 3 அடி. முழுக்க மரம், பிளை கிடையாது. செம்பழுப்பு பாலிஷ் போட்டிருக்கு. சூடான பாத்திரம் வெச்ச இடமெல்லாம் வெள்ளை வட்டம், விளிம்புல கை படுற இடம் பிசுபிசுன்னு இருக்கு. மேல்பலகை மர நிறத்துலயே இருக்கணும், காலும் சட்டமும் வெள்ளை. கம்ப்ரசர், ஸ்ப்ரே கன் எதுவும் இல்ல, பிரஷ் மட்டும்தான். கிளியருக்கு, அதாவது நிறமில்லாத மேல்பூச்சுக்கு, ஒரு கடைல மெலமைன்ங்கறாங்க, இன்னொரு கடைல பியூ (பாலியூரிதேன்)ங்கறாங்க. பழைய பாலிஷ் மேலயே அடிக்கலாமா? வெள்ளைக்கு மேலயும் கிளியர் வேணுமா?

இழைப்புளி:
டின் வாங்குவதற்கு முன், இப்போது மேலே இருப்பது என்ன என்று பாருங்கள். கண்ணில் படாத ஓர் ஓரத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துத் துடையுங்கள். நிறம் பஞ்சில் ஏறி, அந்த இடம் விரலில் ஒட்டினால் அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். இரண்டுக்கும் கரையாவிட்டால் மெலமைன், பியூ அல்லது எண்ணெய் வார்னிஷ். வெள்ளை வட்டத்தைப் பார்த்தால் அரக்கு என்றுதான் தோன்றுகிறது.

அரக்கு என்றால் மேல்பலகையில் முழுக்க எடுத்துவிடுங்கள். சாதாரண அரக்கில் மெழுகு உண்டு, அதன் மேல் பியூ சரியாகப் பிடிக்காது. ஆறு மாதத்தில் தோல் மாதிரி உரியும். ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துப் போர்த்தி, பத்து நிமிடம் கழித்து மழுங்கிய பட்டையால் வழித்தால் பெரும்பகுதி வந்துவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு கூடாது. பிறகு உப்புத்தாள் 120, 180, 220 என்று ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கவும். குறுக்கே தேய்த்த கீறல் இப்போது தெரியாது, கிளியர் ஏறியதும் பளிச்சென்று தெரியும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் எண்ணெய் வகைக் கிளியர்கள் காய மறுக்கும். அடிப்பதற்குச் சற்று முன் என்.சி. தின்னரால் ஒரு முறை துடைத்து, அது பறந்ததும் உடனே முதல் கோட் போடுங்கள். முந்தின நாள் துடைத்து வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

மெலமைன் உங்களுக்கு வேண்டாம். அமில ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்து ஸ்ப்ரேயில் அடிக்கும் சரக்கு அது. பிரஷ் இழுக்கும்போதே இறுகிக் கோடு விழும், ஃபார்மால்டிஹைடு நெடியும் உண்டு. பிரஷ்ஷுக்கு ஒன் பேக் பியூ போதும், ஒரே டின்னில் வருவது, ஹார்டனர் கலக்க வேண்டாம். முதல் கோட்டில் மட்டும் 4 பங்குக்கு 1 பங்கு மினரல் டர்பன்டைன். அடுத்த இரண்டும் அப்படியே. ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் இரவு விட்டு, 320 தாளால் லேசாகத் தேயுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது, தாளில் உருண்டு அப்பினால் இன்னொரு நாள் பொறுங்கள்.

மரத்தூள்:
சாப்பாட்டு மேஜைக்கு ஒன் பேக்கா? சூடு, ரசம், எண்ணெய் எல்லாம் தாங்கணும்னா டூ பேக் பியூதான், அதாவது பேஸ்ங்கற பூச்சும் ஹார்டனரும் தனித்தனியா வர்றது, கலந்து அடிக்கணும். பிரஷ்லயும் அடிக்கலாம், மெதுவா ஆவியாகிற ஸ்லோ தின்னர் கேட்டு வாங்குங்க. பேஸ், ஹார்டனர் விகிதம் டின்ல போட்டிருக்கறதுதான், கண்ணளவு கூடாது. ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேல கலக்காதீங்க, மிச்சம் டப்பாலயே கட்டியாயிடும்.

முக்கியமா, விலை கம்மின்னு என்.சி. தின்னர் ஊத்திடாதீங்க. அதுல ஆல்கஹால் இருக்கும், ஹார்டனர் பேஸோட சேராம ஆல்கஹாலோட சேர்ந்துடும், கோட் கடைசிவரை மெத்துன்னே இருக்கும். மழை ஈரத்துலயும் அடிக்கக் கூடாது. ஹார்டனர் ஈரத்தோட சேர்ந்து வாயு கிளம்பும், பரப்பு பூரா ஊசிமுனைக் குமிழ் வரும். ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, கையுறையும் ஆர்கானிக் வேப்பர் மாஸ்க்கும் போடுங்க. துணி மாஸ்க் பிரயோஜனமில்ல.

இழைப்புளி:
தாங்குவது டூ பேக்தான், மறுக்கவில்லை. ஆனால் கீறல் விழுந்தால் ஒன் பேக்கை அவரே தேய்த்து ஒரு கோட் ஏற்றிக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து நேராக இறக்கிய குக்கரை இரண்டுமே தாங்காது, மணை வைக்கத்தான் வேண்டும்.

பலகைவாசி:
வெள்ளைக் கால் பற்றி யாரும் பேசவில்லையே. தேக்கின் சாயமும் பழைய பாலிஷின் செம்மையும் வெள்ளையைத் துளைத்து மஞ்சள் திட்டாக மேலே வரும், தண்ணீர் பெயிண்ட்டில் இன்னும் வேகமாக. காலை 180 தாளால் தேய்த்து, மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட் கொடுங்கள். அது கிடைக்காவிட்டால் அரக்குச் சீவலை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். மெழுகு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். அதன் மேல் ஆயில் வுட் பிரைமர், பிறகு தண்ணீரில் கரையும் எனாமல் இரண்டு கோட். ஆயில் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளடிக்கும், மேஜைக்கு அடியில் வெளிச்சம் ஏது? வெள்ளைக்கு மேல் கிளியர் வேண்டவே வேண்டாம். ஒன் பேக் பியூவுக்கே தேன் நிறம் உண்டு, அன்றைக்கே பழசாகத் தெரியும்.

புதுவாசல்:
ஸ்பிரிட் வெச்சுப் பார்த்தேன், பஞ்சு செவப்பாயிடுச்சு. ஒன் பேக்கே போறேன். பளபளப்பு வேணாம், மேட் வேணும். எத்தனை லிட்டர்? மேல்பலகைல சென்டுக்காக ஃபர்னிச்சர் ஸ்ப்ரே அடிச்சிட்டிருந்தாங்க, அதனால பிரச்சினை வருமா?

இழைப்புளி:
வரும். அதில் சிலிக்கோன் இருந்தால் கிளியர் அங்கங்கே விலகிக் குழி குழியாக நிற்கும். உப்புத்தாள் பிடிப்பதற்கு முன்பே, துணியை மாற்றி மாற்றி டர்பன்டைனால் இரண்டு முறை துடையுங்கள். தேய்த்த பிறகு துடைத்தால் சிலிக்கோன் மரத்துக்குள் போய்விடும்.

அளவு: மேல்பக்கம் 15 சதுர அடி, அடிப்பக்கம் 15. அடியிலும் கட்டாயம் அடிக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் மூடினால் ஈரம் ஏறி இறங்குவது மாறுபட்டுப் பலகை வளையும். மூன்று கோட்டுக்கு 90 சதுர அடி, 1 லிட்டரில் முடியும். மூன்றையும் மேட்டிலேயே ஏற்றினால் ரேகை மங்கும். முதல் இரண்டு கிளாஸி, கடைசி மட்டும் மேட், அரை அரை லிட்டராக வாங்குங்கள். மேட் பொடி அடியில் தங்கும். குலுக்காமல் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள்.

கிளியர் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள். வேலை முடிந்து பத்து நாளாவது மேஜை மேல் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். ஒட்டிக்கொண்டு பூப்போட்ட அச்சு அப்படியே பதிந்துவிடும்.