வாதம் முடிந்த பிறகும் இருவரும் இருக்க வேண்டும்: தமிழ் விக்கிப்பீடியாவில் நான் கண்ட பிணக்குகள்

விக்கிப்பீடியாவில் சக பயனர்களோடு நேர்ந்த கருத்து மாறுபாடுகளையும் அவை முடிந்த விதத்தையும் எழுதுமாறு இந்த இணைய உரையாடல் திரியைத் தொடங்கியவர் கேட்டிருந்தார். இதுவரை எழுதிய பலரும் ஆங்கில விக்கிப்பீடியாவில் பட்டதையே எழுதியிருப்பதால், தமிழில் நடப்பது சற்று வேறு மாதிரியானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒருவர் மனம் கசந்து விலகினால் அந்த இடத்தை நிரப்ப ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தொட்டுவிட்டது என்றாலும், மாதந்தோறும் ஊன்றி நின்று தொகுப்பவர்களை எண்ணினால் அது ஒரு சிறிய வட்டம்தான். இன்று ஒரு கோயில் கட்டுரையில் நம்மோடு மல்லுக்கு நிற்பவரே, நாளை நாம் எழுதும் வேதியியல் கட்டுரையில் உடைந்து கிடக்கும் வார்ப்புருவை, அதாவது பல பக்கங்களில் பயன்படும் ஆயத்த அச்சை, சரிசெய்து தருபவராக இருப்பார். எனவே, வாதம் முடிந்த பிறகும் இருவரும் அங்கே இருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் ஊர்ச் சிவன் கோயிலைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதியிருந்தார். தலபுராணம், கட்டட அமைப்பு, திருவிழா, திருப்பணி எல்லாம் ஒரே தொனியில் ஓடின. இந்திரனுக்குச் சாபம் நீங்கியதும், சோழ மன்னர் ஒருவர் விளக்கெரிக்க நிலம் கொடுத்ததும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. நான் சில வரிகளுக்கு ‘சான்று தேவை’ என்று குறியிட்டேன். மறுநாளே, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் அவருடைய பதில் இருந்தது: “நான் பிறந்து வளர்ந்த ஊர். அடித்தளமான அதிட்டானத்தில் உள்ள கல்வெட்டை நானே படித்திருக்கிறேன். தாங்கள் அந்தக் கோயிலை ஒருமுறையேனும் பார்த்ததுண்டா?” நான் பார்த்ததில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

சில நாட்களில் அவர் கல்வெட்டைப் படமெடுத்து, படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினார். காலையில் பக்கவாட்டு வெயில் விழும்போது எடுத்த படம் என்பதால், அதிட்டானத்தின் குமுதப்படையில் வெட்டிய எழுத்துகளின் ஓரங்கள் தெளிவாகவே இருந்தன. தம் வாசிப்பை வரி வரியாக எழுதி, அதன் அடிப்படையில் மன்னரின் ஆட்சியாண்டையும் கட்டுரையில் சேர்த்தார். அப்போதுதான் யாழ்ப்பாணத்துப் பயனர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘யாண்டு’ என்பதற்குப் பின் வரும் தமிழ் எண் ௫ ஆகவும் இருக்கலாம், ௬ ஆகவும் இருக்கலாம், கல் அங்கே தேய்ந்திருக்கிறது என்று எழுதினார். ஆசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. கல்லைக் கையால் தடவிப் படித்தவர் அவர். திரையில் பார்த்தவர் தமக்கு எண் சொல்லித் தருவதா என்று கேட்டார்.

வேறெங்கும் வெளியாகாத சொந்த ஆய்வைக் கட்டுரையில் சேர்க்கக் கூடாது என்னும் விதியை நாங்கள் எல்லோரும் ஒப்பிக்கக் கூடியவர்கள்தாம். ஆனால் உண்மையிலேயே விவரம் தெரிந்த ஒருவர் முன் அந்த விதியை நீட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பேச்சுப் பக்கத்தில்தான் கண்டேன். யாழ்ப்பாணத்து நண்பர் விதிப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. “ஐயா, தங்கள் வாசிப்புப் பிழையென்று நான் சொல்லவில்லை. தாங்களும் நானும் இங்கே இல்லாத ஒரு காலத்தில் மாணவர் ஒருவர் இந்த வரியைச் சரிபார்க்க விரும்பினால் எங்கே போவார் என்பதையே யோசிக்கிறேன். தாங்கள் இதை ஓர் ஆய்விதழில் வெளியிட்டால், நாங்களே அதை மேற்கோளாகச் சேர்ப்போம்” என்று எழுதினார். அதற்கு உடனே மறுமொழி எதுவும் வரவில்லை. கட்டுரையில் ஆட்சியாண்டு இருந்த வரி நீக்கப்பட்டது. தலபுராணச் செய்திகள் மட்டும் ‘தொன்ம நம்பிக்கை’ என்ற தனித் தலைப்பின்கீழ் நகர்த்தப்பட்டன. அதற்கும் ஆசிரியர் முணுமுணுத்தார், ஆனால் பழைய வடிவத்துக்கு மீளமைக்கவில்லை.

பின்னர் அவர் தம் வாசிப்பைத் தொல்லியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே கல்வெட்டறிஞர்கள் பார்த்துத் திருத்திய பிறகே அது அச்சேறியது. தம் கட்டுரையைத் தாமே மேற்கோளாக இடுவது நலமுரண், அதாவது சொந்த நலன் குறுக்கிடுவது, ஆகலாம் என்பதால், இதழின் பெயரையும் பக்க எண்ணையும் பேச்சுப் பக்கத்தில் குறித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மேற்கோளைச் சேர்த்தவர் அந்த யாழ்ப்பாணத்து நண்பர். எண் ஐந்தா ஆறா என்று கேட்பவர்களுக்கு: இதழ் ‘ஐந்து அல்லது ஆறு’ என்றே அச்சிட்டிருந்தது, கட்டுரையிலும் இன்று அப்படியே இருக்கிறது.

இதைவிடக் காரமாக நடந்தது இன்னொரு வழக்கு. இடைக்காலச் சோழ மன்னர் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் ‘ஆண்டான்’, ‘வென்றான்’ என்று இருந்தவற்றை ஒருவர் ‘ஆண்டார்’, ‘வென்றார்’ என்று மாற்றினார். மற்றொருவர் அதை மீளமைத்தார். கட்டுரையில் நடந்த தொகுப்புகளைப் பட்டியலிடும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் இந்தச் சண்டை கண்ணுக்கே தெரியாது. கணினிச் சேமிப்பில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, புள்ளியும் மூன்று பைட்டு என்பதால், ‘ன்’ போய் ‘ர்’ வந்தால் கட்டுரையின் அளவு மாறுவதில்லை. கட்டுரை முழுக்க வினைமுற்றுகள் மாறியிருக்கும். நாம் கண்காணிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில், அளவு மாற்றமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு சுழியம் மட்டும் நிற்கும். இருபத்து நான்கு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்ற விதி நெருங்கியபோது நிர்வாகி ஒருவர் பக்கத்தைப் பூட்டி, விவாதத்தை ஆலமரத்தடிக்குக் கொண்டுபோனார். பொது உரையாடல் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்தவர், ஊர்ப் பஞ்சாயத்தின் நல்ல குணம் கெட்ட குணம் இரண்டையும் அறிந்தே வைத்திருக்க வேண்டும்.

பழைய வரலாற்று நூல்களும் பாட நூல்களும் மன்னர்களை ‘ன்’ விகுதியில் எழுதுவதே மரபு என்பது ஒரு தரப்பு வாதம். அதே கலைக்களஞ்சியத்தில் சென்னை மாகாணத்தின் ஆங்கிலேய ஆளுநருக்கு ‘வந்தார், ஆண்டார்’ என்றும் தஞ்சையை ஆண்டவருக்கு ‘வந்தான், ஆண்டான்’ என்றும் எழுதுவது படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று மறுதரப்பு கேட்டது. மரபுத் தரப்பில் நின்றவர்கள் அந்தக் கேள்விக்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இலக்கிய மேற்கோள்களையும், கல்வெட்டுகளில் மன்னர் புகழ் பாடும் மெய்க்கீர்த்திகளையும் உள்ளபடியே விடுவது, நாம் சொந்தமாக எழுதும் வாக்கியங்களில் மன்னர், சிற்பி, கணிகை என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் மரியாதைப் பன்மையைப் பயன்படுத்துவது என்று அந்தக் கட்டுரைக்கு இணக்க முடிவு எட்டப்பட்டது. எதிர்த்து வாதிட்டவரே முன்வந்து வினைமுற்றுகளை எல்லாம் மாற்றினார். விதிப் பக்கங்கள் எதிலும் எழுதியிராத பெருந்தன்மை அது.

சாதிப் பெயரை மாற்றுபவர்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. மன்னர்கள், பாளையக்காரர்கள், விடுதலைப் போராட்ட வீரர்கள் என எவருடைய கட்டுரையிலும் இரவோடிரவாகச் சாதி மாறும். பயனர் கணக்குத் தொடங்காத ஒருவர் மாற்றுவார், மறுபடி அப்படியே வேறொருவர் இன்னொன்றாக மாற்றுவார். ஆங்கில விக்கிப்பீடியாவில் தெற்காசியச் சமூகக் குழுக்கள் பற்றிய கட்டுரைகளுக்கு எனத் தனிக் கட்டுப்பாடுகளே உண்டு. தமிழில் நாங்கள் செய்வது புதிய பயனர்கள் தொகுக்க முடியாதபடி பக்கத்தைக் காப்பிடுவதுதான். இதை நான் கருத்து மாறுபாட்டில் சேர்ப்பதே இல்லை. பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் சொல்லாதவரோடு மாறுபடுவது எப்படி?

பதில் சொல்லாதவர்கள் வேறொரு வடிவத்திலும் வந்தார்கள். 2009ஆம் ஆண்டு வாக்கில் கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், வங்காளம் உள்ளிட்ட மொழிகளின் விக்கிப்பீடியாக்களில் இடும் திட்டத்தை நடத்தியது. மிக நீளமான கட்டுரைகள் திடீரெனத் தோன்றின. அவற்றில் இல்லாத பக்கங்களுக்குப் போகும் சிவப்பு இணைப்புகளும், பாதியில் நின்ற வார்ப்புருக்களும், தமிழ் வாக்கியம் போலத் தோன்றிப் பொருள் பிடிபடாத வரிகளும் மலிந்திருந்தன. வங்காள விக்கிப்பீடியர் அவற்றை ஏற்க மறுத்தனர். தமிழ்ப் பயனர்களிடையே இரு கருத்து இருந்தது. பிழை திருத்திக்கொள்ளலாம், மூலப்பொருளாவது கிடைக்கிறதே என்றனர் சிலர். பிழை திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே எளிது, அதுவும் நம் வாசகர் தேடாத தலைப்புகளுக்கு நாம் ஏன் உழைக்க வேண்டும் என்றனர் மற்றவர். இறுதியில் அந்நிறுவனத்தோடு பேசித் தரத்துக்கும் தலைப்புத் தெரிவுக்கும் நிபந்தனைகள் முன்வைக்கப்பட்டன. 2010இல் போலந்தின் குதான்சுக் நகரில் நடந்த, விக்கிப்பீடியர்களின் ஆண்டு மாநாடான விக்கிமேனியாவிலும் இத்திட்டம் பற்றிய தமிழ்ப் பயனர்களின் மதிப்பீடு முன்வைக்கப்பட்டது. அந்த விவாதங்களைப் படிக்கும்போது எனக்குப் பட்டது ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளர்களின் தமிழைவிட அவர்களுடைய மௌனமே எங்களவர்களை அதிகம் சீண்டியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சொல்லுக்கு இத்தனை என்று கூலி பெறுபவருக்குப் பேச்சுப் பக்கத்தில் வந்து விளக்கம் சொல்ல யார் காசு கொடுப்பார்?

நல்லபடியாக முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தென் மாவட்டத்துக் கல்லூரி மாணவி ஒருவர், தோற்பாவைக் கூத்துக் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவருடைய முதல் கட்டுரை அது. கலைஞரை நேரில் கண்டு பேசியே எழுதியிருந்தார். பாவைகளுக்குத் தோல் பதப்படுத்தும் முறையும், விளக்கை எந்த உயரத்தில் கட்டினால் திரையில் நிழல் கலங்காது என்ற விவரமும் கூட அதில் இருந்தன. குறிப்பிடத்தக்கமைக்கு, அதாவது தனிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அவர் அறியப்பட்டவர் என்பதற்கு, சான்றில்லை என்று நீக்கல் அறிவிப்பு இடப்பட்டது. நான் நீக்கத்தை எதிர்த்தேன். மாவட்டப் பதிப்பு நாளிதழில் வந்த செய்தி ஒன்றின் கத்தரிப்பை அந்த மாணவி படமெடுத்துக் காட்டினார். அதில் நாளிதழின் பெயரும் தேதியும் வெட்டுப்பட்டிருந்தன. வேறு சான்று கிடைக்கவில்லை, கட்டுரை நீக்கப்பட்டது. நிர்வாகி விதிப்படிதான் நடந்தார், சொல்லிலும் கடுமை இல்லை. ஆனால் பயனர் தம் வரைவுகளை வைத்துக்கொள்ளும் துணைப்பக்கத்துக்கு அதை நகர்த்தி வைத்துச் சான்று தேடக் கால அவகாசம் கொடுத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் கணக்கிலிருந்து அதன் பிறகு ஒரு தொகுப்பும் வரவில்லை.

இதில் யாரும் அதிகம் பேசாத ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஈழத்துச் சிற்றூர்க் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதினால், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் அவர் பெயர் வரும் சஞ்சிகையோ விழா மலரோ மின்வடிவில் வருடி வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பக்க எண்ணோடு இணைப்புக் கொடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் எத்தனையோ மாவட்டப் பதிப்புகளும் கோயில் குடமுழுக்கு மலர்களும் பரணில் கிடக்கின்றன. அச்சில் மட்டும் உள்ள நூலையும் இதழையும் சான்றாகக் காட்டலாம் என்பதுதான் விதி, இணைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் நடைமுறையில், சொடுக்கிப் பார்க்க முடியாத சான்றை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஐயப்படுபவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது, இல்லாத நூலுக்குப் பக்க எண் கொடுத்தவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆகவே இத்திரியில் உள்ள அனுபவசாலிகளிடம் ஒன்று கேட்கிறேன். மாவட்டப் பதிப்பு நாளிதழ், குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர் போன்ற, அச்சில் மட்டும் கிடைக்கும் ஒன்றைச் சான்றாக ஏற்கச் செய்து ஒரு கட்டுரையை நீக்கத்திலிருந்து காத்தவர் யாரேனும் இருந்தால், வெளியிட்டவர், ஆண்டு, பக்கம், இப்போது எந்த நூலகத்தில் பார்க்கலாம் என்பவற்றை எப்படிக் குறித்தீர்கள், எதிர்த்தவர் எதைக் கேட்டார், எதற்கு இறங்கி வந்தார் என்று விரிவாக எழுதுங்கள். நாகசுரக் கலைஞர் ஒருவரைப் பற்றிய கட்டுரை இப்போது இதே நிலையில் இருக்கிறது. எழுதியவர் புதியவர், நீக்கல் அறிவிப்பு இடப்பட்டுவிட்டது, கையில் இருப்பது திருவிழா மலர் ஒன்று மட்டுமே. இம்முறை மலரின் முகப்பு அட்டையையும் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் சேர்த்தே படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.