கொள்ளை ஈயின் கூட்டுப்புழுச் சட்டை: எந்த முள்ளைப் பார்த்து முடிவு செய்வது?

மணல்தேடி:
மணல் தரையில் செங்குத்தாக, பாதி உடல் வெளியே நீட்டியபடி நிற்கும் கூட்டுப்புழுச் சட்டை (ஈ வெளியேறிய பின் எஞ்சும் தோல்) ஒன்று. நீளம் 19 மி.மீ., வெளிர் பழுப்பு, மார்பின் முதுகுப்பக்கம் பிளந்திருக்கிறது, உள்ளே காலி. தலையில் முன்னோக்கி இரண்டு தடித்த முட்கள், பக்கங்களில் இன்னும் சில. வயிற்றில் (உடலின் பின்பகுதியில்) கண்டத்துக்குக் கண்டம், அதாவது வளையத்துக்கு வளையம், முள்வரிசை. கொள்ளை ஈ (பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் அசிலிடே குடும்பத்து ஈ) என்று தோன்றுகிறது. ஆனால் பாம்பிலியிடே (தேனீ போன்ற ஈக்கள்) குடும்பத்தின் சட்டையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. எதை வைத்துப் பிரிப்பது?

இருசிறகு:
தலையிலிருந்து தொடங்குங்கள். முன்னே நீட்டியிருக்கும் தடித்த ஜோடிக்கு முன் உணர்கொம்பு முட்கள் என்று பெயர். அதற்குப் பின்னால், தலையின் பக்கவாட்டில், அடியில் ஒட்டி நுனியில் பிரியும் சிறு முட்கொத்து இருக்கும். அவை பின் உணர்கொம்பு முட்கள்; பெரும்பாலும் பக்கத்துக்கு மூன்று. அந்தக் கொத்து இருந்தால் கொள்ளை ஈ என்பதற்கு வலுவான ஆதாரம். எண்ணிக்கை பேரினத்துக்குப் பேரினம் மாறும், அதனால் கொத்தாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், எண்ணிக்கையைப் பிறகு.

அடுத்தது வயிற்றின் முதுகுப்பக்கம். கொள்ளை ஈயில் ஒவ்வொரு கண்டத்திலும் குறுக்காக ஒரு வரிசை. பல இனங்களில் நீண்ட முள் ஒன்று, குட்டை முள் ஒன்று என மாறி மாறி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே நுனிதான். பாம்பிலியிடேயின் பல இனங்களில் முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பிகள் இருக்கும், இரு முனையும் கூராகி மேல்நோக்கி வளைந்திருக்கும், தாள்களை இணைக்கும் ஸ்டேப்ளரின் ஊசிபோல. கூடவே நீண்ட மயிர்களும் உண்டு. 10 மடங்கு கைலென்ஸிலேயே இந்த வித்தியாசம் தெரியும்.

மற்ற உறுப்புகள்: முகத்தின் நடுவில் வாய்க்குழல் உறை, அதை ஒட்டிக் கால் உறைகள், பக்கத்தில் இறக்கை உறை. எல்லாமே உடலோடு ஒட்டியிருக்கும். மார்பின் முன்பகுதியில் ஒரு ஜோடி சுவாசத்துளை, வயிற்றின் முதல் ஏழு கண்டங்களிலும் பக்கத்துக்கு ஒன்று. கண்டங்களை எண்ணும்போது வழி தவறினால் இந்தத் துளைகளைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். முதல் கண்டத்தை மார்போடு சேர்த்து எண்ணிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அப்புறம் எல்லா விவரிப்பும் ஒரு எண் தள்ளிப்போகும்.

ஆறுகால்:
இருசிறகு சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. இந்த முட்கள் மண்ணைக் கிழித்து மேலே வருவதற்கான கருவிகள். கூட்டுப்புழு வயிற்றை நெளித்து நெளித்து ஏறும். வயிற்று முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் வழுக்கிக் கீழே போகாமல் சுவரில் ஊன்றிக்கொள்ளும், தலைமுட்கள் மண்ணைத் துளைக்கும். ஆகவே காலிச் சட்டையில் தலைமுட்களின் நுனி தேய்ந்தோ ஒடிந்தோ இருப்பது இயல்பு. நுனியை நம்பாமல் அடிப்பாகத்தை எண்ணுங்கள். ஒடிந்த இடத்தில் சிறு வட்டத் தழும்பு தெரியும்.

சட்டை பாதி வெளியே நிற்பதும் தற்செயல் இல்லை. பின்பாதி மண்ணில் இறுகி நின்றால்தான் ஈ உடலை இழுத்து வெளியே வர முடியும். உயிருள்ள கூட்டுப்புழுவை வளர்ப்பவர்கள் இதை மறந்து தட்டையான தாளில் கிடத்திவிடுகிறார்கள். ஈ வெளிவரும்போது சட்டையும் கூடவே இழுபட, இறக்கை சரியாக விரியாமல் போகிறது. ஈர மணலில் விரல் அளவு குழி போட்டு, தலை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள்.

இன்னொன்று: சட்டை நின்ற குழியை அடிவரை மெல்லத் தோண்டிப் பாருங்கள். கொள்ளை ஈயில் கடைசிப் புழுத்தோல் கூட்டுப்புழுவோடு ஒட்டாமல் அடியிலேயே தனியாகக் கிடக்கும். அதிலுள்ள தலைக்கூட்டையும் தாடைகளையும் தூக்கி எறிவது பெரும் நஷ்டம்.

மணல்தேடி:
நன்றி. வயிற்று முட்கள் ஒற்றை நுனி, நீளம்–குட்டை மாறி மாறி வருகிறது. பின் கொத்து வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு; அங்கே தழும்பும் இருக்கிறது. மண் ஒட்டிய சட்டையை எப்படிக் கழுவுவது? எந்தக் கோணங்களில் படம்?

இருசிறகு:
அப்படியானால் இடப்பக்கமும் மூன்றுதான், கொள்ளை ஈ என்றே எழுதிக்கொள்ளலாம்.

காய்ந்த சட்டையைத் தொடாதீர்கள், இறக்கை உறை உடனே உடையும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, 15 நிமிடம் ஊற விடுங்கள். பிறகு மெல்லிய தூரிகையால் தலையிலிருந்து வால் நோக்கி மட்டும் தடவுங்கள். எதிர்த்திசையில் தடவினால் முட்களில் தூரிகையின் மயிர் சிக்கி நுனி ஒடியும். அல்ட்ராசோனிக் குளியலில் (ஒலி அதிர்வால் கழுவும் தொட்டியில்) போடுவது எனக்கு உடன்பாடில்லை, ஏற்கெனவே விரிசல் விட்ட முள் அதில் கழன்றுவிடும்.

படம் நான்கு வேண்டும்: முதுகு, வயிற்றுப்பக்கம், பக்கவாட்டு, தலையை நேர் முன்னாலிருந்து. கடைசிக் கண்டத்துக்கும் தனியாக ஒன்று எடுத்தால் நல்லது, அங்குள்ள முட்களின் அமைப்பு பேரினம் பிரிக்க உதவும். எல்லாவற்றிலும் மி.மீ. அளவுகோல் இருக்கட்டும். வெளிச்சத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள்; நேர் ஒளியில் வெளிர்ந்த சட்டையின் விளிம்புகள் மறைந்துபோகும்.

சேமிக்க 70–80 சதவீத எத்தனால். அந்தச் சட்டையிலிருந்து வந்த ஈயும் கையில் இருந்தால், சட்டையை ஜெலட்டின் மாத்திரைக் கூட்டில் போட்டு, ஈயைக் குத்தியிருக்கும் ஊசியிலேயே அதையும் குத்தி வையுங்கள். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டால் எது எதிலிருந்து வந்தது என்று பிறகு நிரூபிக்க வழியில்லை.