நவஹோ அருவி இருந்த இடம்

அரிசோனாவில், கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஓடும் ஹவாசு ஓடைக்கு நான் முதன்முதலாகச் சென்றது 2007ஆம் ஆண்டில். கார் போகும் சாலை ஹுவலபாய் ஹில்டாப் என்னும் பாறை விளிம்போடு முடிந்துவிடும். அங்கிருந்து ஹவாசுபாய் பழங்குடியினரின் ஊரான சுப்பாய்க்குச் சுமார் 13 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த ஊருக்குத் தபால்கூடக் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் போகிறது. செம்பாறைகளுக்கு நடுவே வெயிலில் வாடி நடந்தவனுக்கு, ஊரைத் தாண்டியதும் அந்த நீலப்பச்சைத் தண்ணீர் கண்ணில் பட்ட கணம் இன்னும் நினைவில் இருக்கிறது.

எல்லாரும் 30 மீட்டர் உயர ஹவாசு அருவியைப் படம் பிடிக்க விரைந்தார்கள். எனக்குப் பிடித்ததோ அதற்கு முன்னால் மரங்களுக்குள் மறைந்திருந்த நவஹோ அருவி. ஒரே தாரையாகக் கொட்டாமல், பாசி படிந்த அகன்ற பாறைச் சுவரில் பல இழைகளாகப் பிரிந்து அது இறங்கும். பாதையிலிருந்து முழுதாகத் தெரியாது. ஓசையை வைத்துத்தான் இறங்க வேண்டும். அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

2008 ஆகஸ்டில் பெருமழை பெய்து, மேலே ரெட்லேண்ட்ஸ் என்ற மண் அணையும் உடைந்தபோது, ஊர் மக்களும் பயணிகளுமாக நூற்றுக்கணக்கானோரை ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். பல மாதங்கள் மூடிக்கிடந்த அந்த இடத்துக்கு 2010இல் மீண்டும் சென்றபோது, முறிந்த மரங்களையும் சேற்றையும் பார்க்க நேரும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் இறங்கினேன். ஆனால் நான் தேடிப்போன இடத்தில் ஓசையே இல்லை.

ஓடை இடம் மாறியிருந்தது. இந்த நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. அது சிதறித் தெறிக்கும் இடங்களில் கரியமில வாயு வெளியேற, வேரிலும் சுள்ளியிலும் கல்லிலும் சுண்ணாம்பு படிந்து, ஓடை தன் அணைகளையும் தடாகங்களையும் தானே கட்டிக்கொள்கிறது. அது கட்டுவது மெல்ல. வெள்ளமோ ஒரே இரவில் பெயர்த்துவிடும். அந்த வெள்ளம் பழைய அருவிக்குப் பக்கத்திலிருந்த மென்மையான படிவை அரித்துப் புது வழி வெட்டிக்கொண்டதால், நவஹோ அருவி வறண்டுபோக, அருகிலேயே இரண்டு புதிய அருவிகள் பிறந்திருந்தன.

உண்மையைச் சொன்னால், அவற்றை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. அழகாகத்தான் இருந்தன, ஆனால் சுற்றிலும் வெறும் மண் தெரிந்தது, நிழல் இல்லை. பழைய அருவியைப் பார்த்திராத இளைஞர்கள் அவற்றில் கும்மாளமிட்டுக் கொண்டிருந்ததில் எனக்கு ஒரு காரணமற்ற கோபம்கூட வந்தது. 1910 ஜனவரி வெள்ளம் சுப்பாய் ஊரின் பெரும்பகுதியையே அடித்துச் சென்றதென்று படித்திருக்கிறேன். அந்த ஓடையை நம்பிச் சோளம் விளைவிப்பவர்கள் இழந்ததன் முன்னால், இரண்டு நாள் விருந்தாளியின் வருத்தம் எம்மாத்திரம்? தெரிந்தும் கோபம் தணியவில்லை.

மறுநாள் காலையில் தனியாகப் பழைய சுவருக்கே போனேன். திரைச்சீலை மடிப்புகளைப்போல் சுண்ணாம்புப் படிவு அப்படியே தொங்கியது; பாசி பழுப்பாகக் காய்ந்திருந்தது. தொட்டதும் உள்ளங்கையெல்லாம் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவுவதற்குப் புதிய அருவிக்குத்தான் இறங்க வேண்டியிருந்தது.