பெத்தப்பாவின் தச்சு அலுமாரி: சுரண்டிப் புதிதாக்குவதா, இருப்பதைக் காப்பதா?

கல்லடியான்:
பெத்தப்பா, அதாவது என் தாத்தா, தச்சு வேலை செய்தவர். அவருடைய தச்சுச் சாமான் அலுமாரி இப்போது என் பங்குக்கு வந்திருக்கிறது. இடுப்புயரம், இரண்டு கதவு, உள்ளே லாச்சிகள் (இழுப்பறைகள்). கதவு முதிரை மரம். வெளியே பச்சைப் பெயின்ட். அது பிற்காலத்தில் அப்பா அடித்தது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீடு வாவிப் பக்கம் என்பதால் 2004 சுனாமியில் தப்பியது, ஆனாலும் கீழ் லாச்சி மட்டத்துக்குக் கடல் தண்ணீர் ஏறி நின்றது. அந்தக் கோடு இன்னும் தெரிகிறது. உள்ளே ஒரு ஸ்டான்லி 4ஆம் நம்பர் சீவுளி (இழைப்புளி), மார்பிள்ஸ் கம்பனி உளிகள், ஒரு டிஸ்டன் வாள், எல்லாம் கறள் (துரு). இடக் கதவின் உட்பக்கம் பெத்தப்பா பென்சிலால் எழுதிய ஜன்னல் அளவுகளும் கூலிக் கணக்கும் இருக்கின்றன. மச்சான் முழுவதையும் சுரண்டிப் பொலியூரித்தேன் வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கலடித் தளபாடம்:
உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி தம்பி. நான் தளபாட வேலையில் இருப்பவன். பச்சைப் பெயின்டுக்குக் கீழே நல்ல முதிரையை மூடி வைத்திருப்பது அந்த மரத்துக்குச் செய்யும் அநியாயம். சுரண்டி எடுத்தால் பொன் நிறத்தில் வரும், வெளிச்சம் பட்டால் பட்டுப்போல மின்னும். இன்றைக்கு அப்படிப் பலகை இலகுவில் கிடைக்காது. சுனாமித் தண்ணீர் விட்ட அடையாளத்தை ஞாபகத்துக்காக விட்டுவைக்க வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும். ஒவ்வொரு மாரிக்கும் அந்த அடிப்பலகை நனைந்துகொண்டே இருக்கும், உள்ளேயுள்ள இரும்பாணி எல்லாம் கறளாகி மரத்தைப் பிளக்கும். பின்பலகையைக் கழற்றுங்கள், அடிப்பலகையை மாற்றுங்கள், எல்லாவற்றையும் இழைத்துப் புதுப் பூச்சுக் கொடுங்கள்.

மருதமுனை ஓடாவி மகன்:
உப்பைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. அதற்காக ஏன் பலகையை மாற்ற வேண்டும்? உப்பை வெளியே எடுக்க வழி இருக்கிறது. வெள்ளைக் கடதாசியை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அந்தப் பலகையில் தடிப்பாக அப்பிக் காயவிடுங்கள். காயும்போது உப்பு மரத்திலிருந்து கூழுக்கு வரும். உரித்தெடுத்து, திரும்பவும் அப்புங்கள். அலுமாரியைத் தண்ணீரில் நனைக்க மட்டும் கூடாது. பழைய மூட்டுகளில் பெரும்பாலும் மிருகப் பசைதான் இருக்கும், அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும். அதுவே நமக்கு நல்லதும்தான்: ஆடுகிற மூட்டை வெந்நீரால் இளக்கிக் கழற்றி, உடைக்காமல் திரும்ப ஒட்டலாம்.

பெயின்ட் விஷயத்தில் பொறுமை வேண்டும் தம்பி. முதலில் மறைவான ஓர் இடத்தில் பெயின்டைக் கொஞ்சம் கீறி, ஸ்பிரிட் தொட்ட துணியால் அடியில் இருப்பதைத் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் கீழே இருப்பது அரக்குப் பொலிஷ். அப்படியென்றால் ஸ்பிரிட்டும் மழுங்கிய சுரண்டியும் போதும், மேல் பெயின்ட் தோல்போலக் கழன்று வரும், மரத்தில் கைவைக்கவே தேவையில்லை. மெஷினால் தேய்த்தால் பெத்தப்பாவின் சீவுளி விட்ட தடமும் சேர்ந்து போய்விடும். அந்தத் தடம் போனால் அது கடையில் வாங்கிய அலுமாரி.

செங்கலடித் தளபாடம்:
கல்லடிக் காற்றில் அரக்குப் பொலிஷ் நிற்குமா காக்கா? மாரி தொடங்கினால் வெள்ளை பூத்துவிடும். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப எங்களிடம் கொண்டுவருவது அதைத்தான். பொலியூரித்தேன் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

மருதமுனை ஓடாவி மகன்:
வெள்ளை பூத்தால் ஸ்பிரிட் தொட்டு ஒரு தடவு, போய்விடும். பொலியூரித்தேன் ஓரிடத்தில் உரிந்தால் முழுக் கதவையும் சுரண்ட வேண்டிவரும். திருத்தக்கூடியதைத்தான் நான் பூசுவேன்.

அக்கரைப்பற்று டீச்சர்:
இரண்டு பேரும் பூச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும், சிறுபிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஈரமாக்கிச் சுரண்டுங்கள், வந்ததைப் பையில் கட்டுங்கள், சூட்டுக் காற்று மெஷின் பக்கமே போகாதீர்கள். முதிரைத் தூளும் லேசுப்பட்டதில்லை, சிலருக்குத் தோல் தடித்துச் சிவந்துவிடும். என் வாப்பா கல்லோயாக் குடியேற்றத் திட்டக் காலத்தில் தச்சு வேலை செய்தவர், முதிரை அறுக்கிற நாளில் கையெல்லாம் சொறிந்துகொண்டு வருவார்.

அந்தப் பென்சில் எழுத்தைப் படமெடுத்து வையுங்கள் மகன். எந்த வீட்டுக்கு எத்தனை அடியில் ஜன்னல், எவ்வளவு கூலி என்பதெல்லாம் நம் ஊர் வரலாறு. வேறு எங்கேயும் அது எழுதியிருக்காது.

செங்கலடித் தளபாடம்:
டீச்சர், எழுத்தை அழிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. மேலே தெளிந்த பூச்சு ஒன்று கொடுத்தால் அது இன்னும் பத்திரமாக இருக்கும்.

மருதமுனை ஓடாவி மகன்:
பென்சில் கரி ஸ்பிரிட்டில் கரையாது, ஆனால் பிரஷ் உராய்ந்தால் இழுபடும். உட்பக்கத்துக்கு எதுவுமே வேண்டாம். காய்ந்த மென்பிரஷால் தூசு தட்டினால் போதும்.

பாசிக்குடாக்காரன்:
இங்கே ஹோட்டல்காரர்கள் இப்படிப் பழைய சாமான் தேடுகிறார்கள். புதிதாக்கிக் கொடுத்தால் நல்ல விலை போகும்.

கல்லடியான்:
விற்கிற எண்ணம் இல்லை அண்ணன். அந்தச் சீவுளியைப் பிடித்து நானும் வேலை செய்ய வேண்டும். கறளுக்கு என்ன செய்வது? வினாகிரியில் ஊறப்போடலாமா?

மருதமுனை ஓடாவி மகன்:
சீவுளியை வினாகிரியில் ஊறப்போடாதீர்கள், வார்ப்பிரும்பு அரித்துக் கறுத்துவிடும். பற்றரி சார்ஜர் வைத்துச் சலவைச் சோடாத் தண்ணீரில் கறள் எடுப்பவர்களும் உண்டு. அதில் சீவுளியின் உடம்பிலுள்ள கறுப்புப் பூச்சும் சில நேரம் கழன்றுவிடும். எவர்சில்வர் துண்டை மட்டும் அதில் போடவே கூடாது, நஞ்சு உண்டாகும். என் வழி மண்ணெண்ணெயும் மெல்லிய உருக்குப் பஞ்சும். அடித்தட்டைப் பளபளப்பாக்க மெஷினில் பிடித்தால் அதன் சமதளம் போய்விடும், பிறகு அது சீவாது. துடைத்து எண்ணெய் பூசி, லாச்சியில் ஒரு கற்பூரக் கட்டி போட்டு வையுங்கள், கறள் மெதுவாகத்தான் வரும்.

செங்கலடித் தளபாடம்:
சீவுளி விஷயத்தில் காக்காவோடு நிற்கிறேன். வெளிக் கதவு விஷயத்தில் இல்லை. பச்சையை எடுத்த பிறகு ஒரு தடவையாவது இழைக்காமல் அந்த மரம் பார்க்கிறமாதிரி இருக்காது. அது இருக்க, தம்பி, லாச்சி இறுகுகிறது என்று இந்த மாரியில் ஓரம் சீவிவிடாதீர்கள். கச்சான் காற்று வீசிக் காய்ந்த பிறகு பாருங்கள், அப்போதும் இறுகினால் மெழுகு தேய்த்துப் பார்த்துவிட்டுச் சீவலாம். இப்போது சீவினால் அப்புறம் ஆடும்.

கல்லடியான்:
சரி. உள்பக்கத்தைத் தொடமாட்டேன். வெளியே ஸ்பிரிட் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன். பிணைச்சல் (கீல்) ஆணிகள் எல்லாம் கறள், பித்தளைத் திருகாணி வாங்கியிருக்கிறேன்.

மருதமுனை ஓடாவி மகன்:
பித்தளையை முதிரையில் நேரே ஏற்றினால் தலை முறியும். அதே அளவு இரும்புத் திருகாணியால் முதலில் வழி போட்டுக் கழற்றி, பித்தளைக்கு மெழுகு தடவி ஏற்றுங்கள்.