வரி போட்ட குஞ்செல்லாம் சேவலாகவே போவது ஏன்?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
எங்கள் கொல்லையில் பத்துப் பதினைந்து கோழி எப்போதும் மேயும். சேவல் ஒன்றுதான். தலச்சேரி இனம், அட்டைக் கருப்பு. வெயில் பட்டால் கழுத்தும் வாலும் நீலம் அடிக்கும். பெட்டைகளில் பாதி கருப்பு. அப்புறம் லெகார்ன் இனத்து வெள்ளைப் பெட்டை ஒன்று, வெள்ளச்சி என்று கூப்பிடுவோம். சாம்பலும் வெள்ளையுமாக உடம்பெல்லாம் வரி போட்டது இன்னொன்று.

இந்த வரிக்காரியின் முட்டையை அடை வைத்தால் குஞ்சு ஏறக்குறைய பாதிக்குப் பாதி: வரி போட்டது பாதி, கருப்பு பாதி. அம்மா மாதிரி கொஞ்சம், அப்பா மாதிரி கொஞ்சம் என்று விட்டுவிட்டேன். வளர்த்துப் பார்த்தால் வரி போட்டதெல்லாம் கொண்டை சிவந்து கூவுகிறது! கருப்பெல்லாம் பெட்டை. ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு வேண்டியதோ அவளைப் போலவே முட்டையிடும் ஒரு வரிப் பெட்டை.

இன்னொன்று. இந்த முறை கருப்புப் பெட்டையின் கூடையில் எடுத்த முட்டையில் ஒரு வெள்ளைக் குஞ்சு. என் மாமியார் ஊரில் இருக்கிற சேவல் அத்தனையையும் சந்தேகப்படுகிறார்.

வேலந்தாவளம் தம்பி:
அக்கா, உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட முடியாதுங்க. பெட்டை ஒரு தடவை சேவலோடு சேர்ந்தால் இரண்டு வாரம் வரைக்கும் கருவுள்ள முட்டை வரும். அடுத்த தோட்டத்துச் சேவல் வேலி தாண்டி வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்று இல்லை. இனம் சுத்தமாக வேண்டுமென்றால் பெட்டையை மூன்று வாரம் தனியே அடைத்து, அதன்பிறகு நம் சேவலை விடணும்.

மீனாட்சிபுரம் பண்ணைக்காரர்:
தம்பி சொல்வது சரி. ஆனால் வரி விஷயத்துக்குப் பக்கத்துச் சேவலை இழுக்க வேண்டாம். உங்கள் கொல்லையில் நடப்பது கணக்குப் பிசகாமல் நடக்கிறது.

மனுஷனில் ஆணா பெண்ணா என்பது அப்பா பக்கம். கோழியில் அம்மா பக்கம். சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு. பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. வரியைக் கொடுக்கும் மரபணு இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வரிக்காரி தன்னுடைய ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்க முடியும். மகளுக்குப் போவது டபிள்யூ; அதில் வரி இல்லை. மகளுக்கு இசட் வருவது கருப்பு அப்பாவிடமிருந்து. அதனால் மகன் வரி, மகள் கருப்பு. பிளைமவுத் ராக் கோழிகளை வைத்து அமெரிக்காவில் ஸ்பில்மன் என்பவர் 1908லேயே இதைச் சொல்லிவிட்டார்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கு. குஞ்சு பொரித்து ஈரம் காய்ந்ததும் கையில் எடுத்துப் பின்மண்டையைப் பாருங்கள். கருந்தூவிக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு, ஓரம் கலைந்த மாதிரி இருந்தால் சேவல். மண்டை முழுக்கக் கருப்பென்றால் பெட்டை. வயிற்றையும் இறக்கை நுனியையும் பார்க்காதீர்கள். கருப்புக் குஞ்சுகளுக்கே அங்கே வெள்ளை இருக்கும். இப்போது நாம் கொண்டை முளைக்கும் வரை எல்லாவற்றுக்கும் தீனி போட்டுக்கொண்டிருக்கிறோம், இல்லையா?

ஆனால் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. சுத்தமான வரிச் சேவலைக் கருப்புப் பெட்டையோடு விட்டால் குஞ்சு அத்தனையும் வரிதான்.

வரிப் பெட்டை வேண்டுமென்றால் இப்போது வந்த வரிச் சேவல்களில் ஒன்றை விற்காமல் வையுங்கள். வெளியிலிருந்து ஒரு கருப்புப் பெட்டை வாங்கி அதனோடு விடுங்கள். மகள்களில் பாதி வரியோடு வரும். மகன்களிலும் பாதி வரும், அதனால் அந்தத் தலைமுறையில் மண்டையில் உள்ள வெள்ளைப் பொட்டைப் பார்த்து ஆண், பெண் பிரிக்க முடியாது.

வெள்ளைக் குஞ்சு வேறு கதை. கோழியில் வெள்ளை இரண்டு விதம். ஒன்று ஒளிந்திருக்கும் வெள்ளை: அப்பா, அம்மா இரண்டும் கருப்பாகவே இருந்து, இரண்டிலும் அது மறைந்திருந்தால் நாலில் ஒன்று வெள்ளையாகப் பிறக்கலாம். இன்னொன்று லெகார்ன் வெள்ளை. இது கருப்பை அமுக்கிவிடும், ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் முழுசாக அமுக்காது. அங்கங்கே கருப்புத் துளி தெறித்திருக்கும். நம் கேரளத்து மண்ணுத்தியில் உருவான கிராமலட்சுமிக் கோழியைப் பார்த்திருப்பீர்களே. அது கருப்பு ஆஸ்ட்ரலார்ப்பும் வெள்ளை லெகார்னும் சேர்ந்தது, உடம்பு வெள்ளை, அதில் கரும்புள்ளி. உங்கள் குஞ்சு எந்த ரகம்?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
இறக்கையை விரித்துப் பார்த்தேன் அண்ணா. மை உதறின மாதிரி ரெண்டு துளி. முதுகிலும் ஒன்று. வெள்ளச்சியும் அதே கூடையில்தான் ஏறி உட்காருவாள். மாமியாரிடம் காட்டினேன். ‘அப்ப அந்தச் சேவல் தப்பிச்சது’ என்றார்.

மீனாட்சிபுரம் பண்ணைக்காரர்:
அப்படியென்றால் முட்டை வெள்ளச்சியுடையது, அப்பா உங்கள் தலச்சேரியேதான். அந்தக் குஞ்சு சேவலாகப் போனால் குழம்புக்கு அனுப்பும் முன் யோசியுங்கள். லெகார்ன் வெள்ளைக்கு அடியில் பல சமயம் வரியும் மறைந்திருக்கும். அவனைக் கருப்புப் பெட்டையோடு விட்டால் பேரக்குஞ்சுகளில் வரி எட்டிப் பார்க்க வாய்ப்புண்டு, பெட்டைகளிலும்கூட.

வேலந்தாவளம் தம்பி:
அக்கா, அடுத்த அடையில் மண்டையில் பொட்டு இல்லாதது நாலு எனக்கு எடுத்து வையுங்க. சேவல் விலைக்கு இல்லை, பெட்டை விலையே தருகிறேன்.