வேதாரண்யம் கரையோரம் புயல் நிவாரணம்: வாக்கி-டாக்கி தொடர்பை எப்படி அமைப்பது?

கரையோரத்_தொண்டன்:
வணக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கம் செல்போன் அடங்கிப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ரேடியோ ஏற்பாட்டை முடித்துவிட நினைக்கிறோம். முகாம் வேதாரண்யம் ஊருக்குள். ஒரு குழு வடக்கே புஷ்பவனத்தில், இன்னொன்று தெற்கே கோடியக்கரையில் நிற்கும். கையில் இருப்பவை 5 வாட் வி.எச்.எஃப் (மிக உயர் அதிர்வெண்) கைக்கருவிகள், 25 வாட் வண்டி ரேடியோ ஒன்று. மூன்று பேருக்கு ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. கைக்கருவிக்கும் கைக்கருவிக்கும் 3 கிலோமீட்டர் தாண்டினாலே குரல் உடைகிறது. 10 வாட் கருவி வாங்கினால் சரியாகுமா? பேட்டரி எத்தனை வேண்டும்?

அலைநீளம்:
10 வாட்டுக்குப் பணம் போடாதீங்க. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் (சிக்னல் வலிமையின் அளவு) மட்டும்தான். உங்களுக்குக் குறைவது உயரம்.

ரேடியோ தொடுவானத்தை (அலை எட்டும் எல்லையை) இப்படிக் கணக்கிடலாம்: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த இரண்டு கைக்கருவிகளுக்குக் காகிதத்தில் 10 கி.மீ. ஆனால் தென்னந்தோப்பு, வீடுகள், குட்டை ரப்பர் ஆன்டெனா, பேசுபவரின் உடம்பு எல்லாம் சேர்ந்து அதை 3 கி.மீ ஆக்கிவிடும். முகாமில் 12 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா ஏற்றினால் தொடுவானம் 19 கி.மீ ஆகும். கோடியக்கரையிலும் 6 மீட்டரில் ஒன்று வைத்தால் 24. நடுவில் கோடியக்காடு இருக்கிறது. இலைதழையை ஊடுருவ 435 மெகாஹெர்ட்ஸைவிட 145 மெகாஹெர்ட்ஸ் நல்லது.

கோடியக்கரை ஆன்டெனாவை நீங்களே செய்யலாம். எஸ்.ஓ-239 சாக்கெட் (ஆன்டெனா கேபிளை மாட்டும் இணைப்பு) ஒன்று, 2 மி.மீ பித்தளைக் கம்பி. நடுமுனையில் 49 செ.மீ நேராக நிற்க வேண்டும். நான்கு மூலைத் துளைகளிலும் 52 செ.மீ கம்பிகளைப் பூட்டி 45 டிகிரி கீழே வளையுங்கள், ஆன்டெனாவின் மின்மறுப்பு ரேடியோவுக்குப் பொருந்தும் 50 ஓம் பக்கம் வந்துவிடும். எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரில் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்று காட்டுவது) 1.5க்குக் கீழே வரும்வரை நடுக்கம்பியை 2 மி.மீ 2 மி.மீ ஆகத்தான் வெட்ட வேண்டும்.

கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. ஆர்.ஜி-58 கேபிள் 20 மீட்டர் போட்டால் 4 டெசிபல் அளவுக்குப் போய்விடும், 25 வாட்டில் 10தான் மேலே சேரும். ஆர்.ஜி-213 போட்டால் 17 வாட் சேரும். உப்புக்காற்று ஊர் என்பதால் இணைப்பின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அதை விட்டால் கேபிளின் பின்னலுக்குள் தண்ணீர் ஏறி, ஒரு பருவத்திலேயே கேபிள் வீணாகும். கம்பத்தைப் புயலுக்கு முந்தின நாள் இறக்கிவிட்டு, காற்று ஓய்ந்தபின் ஏற்றுங்கள்.

சட்டம்_பேசுவோம்:
ஹாம் அலைவரிசையில் உரிமம் இல்லாதவர் பேசக் கூடாது, நிவாரணப் பணி என்பதால் விலக்கு கிடைத்துவிடாது. அதனால் அந்த மூன்று பேரை மூன்று இடத்துக்கும் ஆளுக்கொருவராகப் பிரியுங்கள். மற்ற தொண்டர்களுக்கு 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் குறைந்த திறன் கருவிகள் போதும். 2018 விதிகளின்படி இதற்குத் தனி உரிமம் தேவையில்லை. வாங்கும்போது இ.டி.ஏ (கருவி வகை ஒப்புதல்) சான்று இருக்கிறதா என்று பாருங்கள். முகாமுக்குள்ளும் தெருவிலும் 1 கி.மீ அளவுக்கு நம்பலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் (1077) உங்கள் ஏற்பாட்டை முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

பன்னிரண்டு_வோல்ட்:
வண்டி ரேடியோ கேட்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது 6 ஆம்பியர் இழுக்கும். பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் ஒரு நாளைக்கு 25 முதல் 27 ஏ.எச் (ஆம்பியர்-மணி). லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, ஆகவே 100 ஏ.எச் பேட்டரி இரண்டு நாளைக்குச் சற்றுக் குறைவாக வரும். பேட்டரி முனையிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மி.மீ ஒயர். மெல்லிய ஒயர் போட்டால் பட்டனை அழுத்தியதும் வோல்ட் சரிந்து ரேடியோ அணைந்து எரியும். பலர் ரேடியோ பழுது என்று நினைப்பது இதைத்தான். கைக்கருவிக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேட்டரி என்று வையுங்கள், 12 வோல்ட்டிலிருந்து நேரடியாகச் சார்ஜ் செய்யுங்கள். கருவியை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்க யாரையும் விடாதீங்க. மரை தளர்ந்தால் முதலில் தூரம் போகும், பிறகு உள்ளே டிரான்சிஸ்டர்.

கட்டுப்பாட்டு_மேசை:
கருவியெல்லாம் சரியாக இருந்தும் ஒழுங்கு இல்லாமல் குலைந்துபோகும் இடம் பேச்சு. பழகாத தொண்டர் பட்டனை அழுத்திய நொடியே பேசுவார், முதல் சொல் காற்றோடு போகும். அழுத்தி, ஒரு நொடி விட்டு, வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பேச வேண்டும். முதலில் கூப்பிடப்படுபவர் பெயர், பிறகு உங்கள் பெயர்: "கோடியக்கரை, இது முகாம், ஓவர்." ஹாம் அலைவரிசையில் இதோடு அழைப்புக்குறியும் (உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறி) சொல்லியே ஆக வேண்டும்.

எண்ணிக்கைதான் பெரிய ஆபத்து. இரைச்சலில் "எழுபது தார்ப்பாய்" என்பது "எண்பது" என்று விழும். "ஏழு, பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லட்டும், கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும், அதன்பிறகே பதிவேட்டில் ஏறட்டும். நோயாளி பெயர், பண விவரம், சரக்கு வண்டி போகும் வழி எதுவும் காற்றில் போகக் கூடாது. சப்-டோன் (மற்றக் குழுக்களின் பேச்சு உங்கள் கருவியில் ஒலிக்காமல் தடுக்கும் வசதி) போட்டிருந்தாலும் ஊரே கேட்கலாம்.

எல்லாக் கருவியிலும் டைம்-அவுட்டை (பட்டன் அழுந்தியே இருந்தால் ஒலிபரப்பைத் தானாக நிறுத்தும் வசதி) 60 நொடிக்கு வையுங்கள். யாரோ பட்டன் மேல் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சேனலே செத்துவிடும். மணிக்கு ஒரு முறை முகாம் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. அதற்கும் இல்லையென்றால் யார், எந்த வண்டியில், எந்த வழியாகப் போய்ப் பார்ப்பது என்பது முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும்.

கரையோரத்_தொண்டன்:
மிக்க நன்றி. கம்பமும் கேபிளும்தான் முதல் செலவு என்று புரிகிறது. சென்னைக்குச் செய்தி அனுப்ப வழி உண்டா?

அலைநீளம்:
நேர்க்கோட்டில் ஏறத்தாழ 300 கி.மீ, வி.எச்.எஃப் எட்டாது. எச்.எஃப் (சிற்றலை) ரேடியோ வேண்டும். பகலில் 40 மீட்டர் அலைநீளப் பட்டை: இரு பக்கமும் 10 மீட்டர் கம்பி, 4 மீட்டர் உயரத்தில் கட்டினாலே போதும். அலை செங்குத்தாக மேலே போய் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும். இருட்டியபின் 40இல் பக்கத்து ஊர்கள் மறைந்து தூரத்து ஊர்கள்தான் வரும். அப்போது 80 மீட்டர் பட்டைக்கு மாறுங்கள், பக்கத்துக்கு 20 மீட்டர் கம்பி. மலிவான இன்வெர்ட்டரையும் சோலார் கன்ட்ரோலரையும் அந்த நேரம் அணைத்து வையுங்கள், அவற்றின் இரைச்சல் எச்.எஃப் முழுக்கப் பரவும். சென்னையில் கேட்க ஒரு ஹாம் நண்பரைப் பிடித்து, நேரமும் அலைவரிசையும் செப்டம்பருக்குள் பேசிவையுங்கள்.