திருகோணமலை உப்புவெளி வீட்டுக் குழு: எரியாத பச்சை லைட்

வெள்ளி, மாலை 6.40

மாமா: தம்பி, கம்பியூட்டர் கடையிலிருந்து வந்துவிட்டது. மதர்போர்ட் மட்டும் புதிது, டிஸ்க் பழையதுதான். எழும்புகிறது, ஆனால் நெட்வொர்க் இல்லை. நாளை காலை 7 மணிக்கு ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களின் டேப்லட்டில் தாள்கள் திறப்பது இந்தக் கம்பியூட்டரிலிருந்துதானே.

நான்: எழும்பியதே பெரிய விஷயம் மாமா. லினக்ஸில் கார்டுகளை இயக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் கேர்னலோடு, அதாவது அதன் மையப் பகுதியோடு, சேர்ந்தே இருக்கும். அதனால்தான் டிஸ்க்கை வேறு போர்டில் மாட்டினாலும் ஓடுகிறது. உங்கள் தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா?

மாமா: இருக்கின்றன. 2014 இலிருந்து கையால் எழுதி ஸ்கேன் செய்தவை அத்தனையும் இருக்கின்றன. அதைத் திறந்து பார்த்த பிறகுதான் தேநீர் குடித்தேன்.

மாமி: பழைய போர்டைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். வயர் குத்தும் இடமெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் உப்புக் காற்று எதைத்தான் விட்டு வைக்கும்? போன வருடம் ஜன்னல் கம்பி, இந்த வருடம் இது.

மச்சாள்: மச்சான், லேன் (நெட்வொர்க்) வயரைக் குத்தினால் லைட் எரியவில்லை. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, போர்டில் லேன் பழுதாக இருக்கலாம், இல்லாவிட்டால் டிஸ்க்கை அழித்து விண்டோஸ் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். நாளை கொண்டுவரச் சொன்னார்.

நான்: கொண்டுபோக வேண்டாம். டிஸ்க்கில் யாரையும் கை வைக்க விடாதே. பன்னிரண்டு பிள்ளைகளின் பாடம் அதில் இருக்கிறது. முதலில் நாங்கள் பார்ப்போம். திரையைப் போட்டு ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராக, உள்ளே போ.

மச்சாள்: போய்விட்டேன். கறுப்புத் திரை.

நான்: எல் எஸ் பி சி ஐ, ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, என் என் கே. எல்லாம் சின்ன எழுத்து. உள்ளே இருக்கும் கார்டுகளின் பட்டியல் வரும். அதில் ஈதர்நெட் என்று வரும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு.

மச்சாள்: [படம்]

நான்: நல்ல செய்தி. லேன் கார்டு ரியல்டெக் 8125 என்று தெரிகிறது. அதன் கீழே கடைசிக்குக் கிட்ட ஒரு வரி இருக்கிறது பார், கேர்னல் டிரைவர் இன் யூஸ், ஆர்8169 என்று. கார்டைக் கேர்னல் கண்டுவிட்டது, டிரைவரும் பிடித்துவிட்டது. போர்டில் லேன் செத்திருந்தால் பெரும்பாலும் இந்த வரியே வந்திருக்காது.

மாமா: அப்படியானால் லைட் ஏன் எரியவில்லை?

7.30

அண்ணா: இங்கே காலை பத்து மணி, இப்போதுதான் பார்த்தேன். தம்பி, கேர்னல் எது?

நான்: டெபியன் 12 லினக்ஸ், கேர்னல் 6.1.

அண்ணா: அப்போது பிரச்சினை இல்லை. 8125 கார்டுக்கு 5.4 கேர்னலிலிருந்துதான் ஆர்8169 கைகொடுக்கிறது. டெபியன் 10 ஆக இருந்திருந்தால் அது 4.19. கார்டு கண்ணுக்குத் தெரியும், டிரைவர் வரி இருக்காது. பிறகு ஃபோனை யூஎஸ்பி வயரில் மாட்டி அதன் இணையத்தில் புதுக் கேர்னல் இறக்க வேண்டியிருக்கும். மாமாவுக்கு அந்த வேலை இல்லை. இப்போது கார்டின் பெயரைப் பாருங்கள், நோய் அங்கேதான் இருக்கும்.

நான்: ஐபி, இடைவெளி, லிங்க் என்று அடி. என்ன பெயர் வருகிறது?

மச்சாள்: முதலில் எல்ஓ. இரண்டாவது ஈஎன்பி4எஸ்0. பக்கத்தில் டவுன் என்று இருக்கிறது.

நான்: எல்ஓவை விடு, அது கம்பியூட்டர் தன்னோடு தானே பேசுவது. இப்போது ஈடிசி என்ற ஃபோல்டருக்குள் நெட்வொர்க், அதற்குள் இன்டர்ஃபேசஸ் என்ற ஃபைல். எந்தக் கார்டை எழுப்ப வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கும். அதை நானோ எடிட்டரில் திற.

மச்சாள்: இதில் ஈஎன்பி2எஸ்0 என்று இருக்கிறது. 4 இல்லை, 2.

நான்: அதுதான் மாமா. போர்டில் லேன் பழுதில்லை. பழைய கார்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, அந்தப் பெயரில் இப்போது வீட்டில் ஆளில்லை.

மாமா: பெயர் ஏன் மாறுகிறது? அதே மாதிரி ஒரு லேன் துளைதானே?

அண்ணா: மாமா, ஈஎன் என்றால் ஈதர்நெட். பி4 என்றால் பிசிஐ பஸ் 4, அதாவது போர்டில் கார்டுகள் சேரும் பாதையின் எண், எஸ்0 என்றால் அதில் ஸ்லொட் 0. கார்டு போர்டில் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் விலாசம்தான் பெயர். பழைய போர்டில் அது பஸ் 2 இல் இருந்தது. சில வேளை புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு குத்தினாலே எண் தள்ளிப்போகும். 2013 இல் லினக்ஸை எழுப்பி ஓட்டும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு வந்த பிறகுதான் இந்தப் பெயர் முறை. அதற்கு முன் ஈத்0 என்றுதான் இருக்கும். ஆனால் அப்போதும் மதர்போர்ட் மாற்றினால் இதே தலையிடிதான். டெபியனில் கார்டுகளுக்குப் பெயர் வைக்கும் யூடெவ், பழைய கார்டின் மெக் முகவரியை (கார்டுக்கே உரிய எண்) ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, புதுக் கார்டுக்கு ஈத்1 என்று பெயர் வைக்கும்.

மாமா: விளங்குகிறது. வீடு மாறியவனுக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டமாதிரி.

நான்: அதேதான் மாமா. லைட்டுக்கும் காரணம் இதுதான். இந்த டிரைவர் பயன்படுத்தாத கார்டைப் பெரும்பாலும் தூங்க வைத்துவிடும். எழுப்பாதவரை வயர் சரியாக இருந்தாலும் லைட் வராது. மச்சாள், ஃபைலை மூடிவிட்டு இதை அடி: ஐபி லிங்க் செட் ஈஎன்பி4எஸ்0 அப். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் இடைவெளி. அடித்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்.

மச்சாள்: மேசையை இழுக்க வேண்டும், பொறுங்கள்.

மச்சாள்: [படம்]

மச்சாள்: எரிகிறது!! பச்சை நிலையாக நிற்கிறது, மற்றது மஞ்சளாக மினுங்குகிறது.

மாமி: நான் கோணேசருக்கு நேர்ந்திருந்தேன். ஞாயிறு காலை கோட்டைக்குள் இருக்கும் அவர் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும்.

நான்: போங்கோ மாமி, என் பெயரிலும் ஒன்று. மச்சாள், இப்போது ஃபைலில் 2 ஐ 4 ஆக்கு. கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். அப்புறம் ஐஎஃப்அப் ஈஎன்பி4எஸ்0 என்று அடி, கார்டு நெட்வொர்க்கில் சேரும்.

மச்சாள்: அன்நோன் இன்டர்ஃபேஸ் என்கிறது.

நான்: பெயர் இரண்டு வரியில் இருக்கும். அலவ் ஹொட்பிளக் வரியில் மட்டும் மாற்றியிருப்பாய். ஐஃபேஸ் என்று தொடங்கும் வரியையும் பார்.

மச்சாள்: ஓம், அதை விட்டுவிட்டேன். மாற்றிவிட்டேன். இப்போது கொஞ்சம் ஓடி, 192.168.1.14 என்று முகவரி கிடைத்தது.

8.15

மாமா: இணையம் வருகிறது. ஆனால் டேப்லட்டில் தாள்கள் திறக்கவில்லை தம்பி. பக்கம் இல்லை என்கிறது.

நான்: டேப்லட்டில் எந்த முகவரி போட்டிருக்கிறீர்கள் மாமா?

மாமா: நீ தந்ததுதான். கடைசி எண் 50.

நான்: சரி, பிடிபட்டது. ரவுட்டரில் அந்த 50 ஐப் பழைய கார்டின் மெக் முகவரிக்கு ஒதுக்கி வைத்தேன். மெக் கார்டோடு போவது. லேன் கார்டு போர்டிலேயே இருப்பதால் அதுவும் போய்விட்டது. ரவுட்டருக்கு இது ஒரு புது ஆள், அதனால் கையில் கிடைத்த 14 ஐக் கொடுத்துவிட்டது. டேப்லட்களைத் தொட வேண்டாம், பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக மாற்றுவது பாவம். ரவுட்டரில் ஒரு வரி போதும். மச்சாள், ஐபி லிங்க்கில் ஈஎன்பி4எஸ்0 க்குக் கீழே ஈதர் என்று ஒரு வரி இருக்கும், ஆறு சோடி எழுத்தும் எண்ணும். அதை அப்படியே எனக்குத் தனியாக அனுப்பு. ரவுட்டர் பக்கத்தில் எங்கே போடுவது என்று நான் சொல்கிறேன்.

மாமி: அவள் இன்னும் சாப்பிடவில்லை. புட்டு ஆறுகிறது.

மச்சாள்: இதோ அம்மா, ஐந்து நிமிடம்.

8.40

மச்சாள்: ரவுட்டரில் போட்டு, கம்பியூட்டரையும் ஒருமுறை அணைத்து எழுப்பினேன். 50 வந்துவிட்டது. மூன்று டேப்லட்டில் பார்த்தேன், மூன்றிலும் தாள் திறக்கிறது.

அண்ணா: மாமா, அந்த டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். உப்புக் காற்று டிஸ்க்கையும் விடாது. டிஸ்க் வாங்கும் காசு நான் அனுப்புகிறேன்.

நான்: அடுத்த வெள்ளி இரவு ரயிலில் வருகிறேன் மாமா. டிஸ்க்கைக் கொழும்பிலேயே வாங்கிக்கொண்டு வந்து நானே பிரதி எடுத்துத் தருகிறேன்.

மாமா: வா தம்பி. இப்போது நாளைய தாளைத் திறந்து பார்த்தேன், நாலாம் கேள்வியில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருக்கிறது. திருத்தி மறுபடி ஏற்றப் போகிறேன்.